ரதத்துக்கு முன்னால் ஹெவி மெட்டல்

“அக்கா, நான் தனேஷ் பேசறேன். கிள்ளான் உறுமி மேளம்.”

போன வாரத்துக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை. பங்சாரில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மதிய இடைவேளை. ஒரு கையில் கறிபாப் பலகாரம், மறு கையில் போன். எனக்கு வாயெல்லாம் பல். பாராட்டத்தான் கூப்பிடுகிறார், வேறென்ன? இரண்டு நாள் முன்பு, ஞாயிறு பேப்பரில் நான் எழுதுகிற இதே பத்தியில் அவருடைய குழுவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தேனே!

“படிச்சீங்களா தம்பி?”

“படிச்சேன்கா. கோயில் கமிட்டிக்காரங்களும் படிச்சிட்டாங்க.”

“ஓ... ரொம்ப நல்லது!”

“நல்லது இல்லக்கா. இந்த வருஷம் ரதத்துக்கு எங்கள வர வேணாம்னு சொல்லிட்டாங்க.”

கறிபாப்பைக் கீழே வைத்தேன்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. “பதினோரு வருஷமா ரதத்துக்கு முன்னாடி அடிக்கிறோம்கா. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா” என்றார். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அன்று மதியம் முழுக்க எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த ‘கேட்டிருக்கலாம்லா’தான் கண்ணில் தெரிந்தது.

அப்படி என்னதான் எழுதினேன்? அந்த வாரம் பேப்பர் வாங்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆடி முதல் வெள்ளி. கிள்ளானில் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். தனேஷ் குழு அடித்துக்கொண்டிருந்தது. உறுமி தெரியும்தானே? ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அது உறுமும். மறுபக்கத்தில் அடி விழும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அடித்தால், வெளியே நிறுத்தியிருக்கிற கார்களின் அலாரம் எல்லாம் தானாகக் கத்தும். அன்றும் கத்தின.

திடீரென்று ஓர் அடிக்கு மாறினார்கள். கனமாக மூன்று அடி. ஒரு நிறுத்தம். பிறகு தரையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு நீண்ட உறுமல். மறுபடி மூன்று அடி...

அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். இது எனக்குத் தெரியுமே! எனக்கு மட்டுமா, என் எலும்புக்கே தெரியும். நான் ஐந்தாம் பாரம் படித்தபோது வந்த ஒரு ஹெவி மெட்டல் ஆல்பத்தின் முதல் பாட்டு இது!

ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ‘அதற்கு முந்திய ஆல்பம்தான் உசத்தி’ என்று சண்டைக்கு வர இன்னமும் நாலு பேர் இருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

ஆமாம்! இரட்டைச் சடையும் பினஃபோருமாக ப்ரிக்பீல்ட்ஸ் தெருக்களில் மெட்டல் கேட்டுத் திரிந்த பெண் நான். அப்போதெல்லாம் பாடகருக்கு முடி நீளமாக இருந்தால் டிவியிலேயே காட்ட மாட்டார்கள். மெட்டல் என்றாலே போதை, பேய், படிப்பு பாழ். அதனால் என் கேசட்டுகளை எல்லாம் ‘பக்திப் பாடல்கள்’ என்று எழுதிய உறைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா சாம்பிராணி போட்டுவிட்டு, பக்தியோடு அதில் ஒன்றைத் தட்டிவிட்டார். அன்று நான் வாங்கியது தனிக் கதை.

அந்த மெட்டல் குழு முதலில் எங்களைப் போன்ற சிலருடைய சொத்தாகத்தான் இருந்தது. ஒரு பாட்டு எட்டு நிமிஷம் ஓடும். வேகம் என்றால் அப்படியொரு வேகம். பிறகு இந்த ஆல்பம் வந்தது. வேகத்தைக் குறைத்தார்கள், பாட்டைச் சுருக்கினார்கள், சத்தத்தைத் தேய்த்துக் கழுவித் துடைத்தார்கள். கனத்தை மட்டும் கூட்டினார்கள். அவ்வளவுதான்... உலகமே கேட்க ஆரம்பித்துவிட்டது. ரேடியோவில் போட்டார்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவே அலறியது. ரோஸ் கலர் பஸ் மினியில் டிரைவர் அண்ணே அதைப் போட, கண்டக்டர் கதவைத் தட்டித் தாளம் போட்டார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லத்தின் அணிவகுப்பே அதற்குத்தான் நடந்தது!

எனக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? எரிச்சல் வந்தது. ‘விலை போய்விட்டார்கள்!’ என்று டைரியில் சிவப்பு மையால் எழுதினேன். கண்டவர்களும் கேட்கிற பாட்டு எப்படி மெட்டல் ஆகும்? பஸ் மினி கண்டக்டருக்கு என்ன தெரியும்? பதினேழு வயதில் நான் ஒரு முழு நேர மெட்டல் காவல்காரி.

இப்போது அந்த ஆல்பம் எங்கேதான் இல்லை? ஜிம்மில், பந்து விளையாட்டில், சூப்பர் மார்க்கெட்டில்... போன தீபாவளி சேலில் புடவைக் கடை விளம்பரத்துக்குப் பின்னால்கூட அதே மாதிரி ஒரு கிட்டார் உறுமியது. ஆனால் அம்மன் சன்னிதியில்? இது புதுசு. எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தத் தனேஷ் ஒரு ரகசிய மெட்டல் ரசிகர் என்று நானே முடிவு கட்டினேன். அன்றிரவே அவசர அவசரமாக எழுதி அனுப்பினேன். தலைப்பு: ‘அம்மன் கோயிலில் அமெரிக்க மெட்டல்!’ ஆச்சரியக்குறி வேறு. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு போர்டு தொங்குகிறது. ‘ரத ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு அடிக்கக் கூடாது.’ சும்மா போட்ட போர்டு இல்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொரு குழு ரதத்துக்கு முன்னால் குத்துப் பாட்டு அடித்து, நாலு பேர் ஆடி, அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, கமிட்டி தலைகுனிந்ததாம். அந்த போர்டுக்குக் கீழேதான் நான் செருப்பை விட்டேன். படிக்கவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி கோயிலில் உறுமி இல்லை. பதிவு செய்த நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டார்களாம். “கோயில் மாதிரியே இல்ல அண்ணி” என்றாள் நாத்தனார். மூன்றாம் வெள்ளி ரதம். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு, கமிட்டிக் கூட்டம். நானாகவே தலைவருக்குப் போன் போட்டு, “நானும் வரலாமா?” என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஃபெடரல் ஹைவே நெரிசலில் வீட்டுக்காரர் எனக்கு வகுப்பு எடுத்தார். “மன்னிப்புக் கேளு. வந்துடு. விளக்கம் மட்டும் குடுக்காதே. நீ விளக்கம் குடுத்தா இன்னும் ரெண்டு குரூப்ப நிறுத்திடுவாங்க.”

கோயிலுக்குப் பின்னால் மண்டபம். அதை ஒட்டி அன்னதானச் சமையற்கட்டு. நீள மேசையைச் சுற்றிக் கமிட்டி. எதிரே நான், எனக்குப் பின்னால் வீட்டுக்காரர். நடுவில் தலைவர் பொன்னையா அங்கிள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் செயலாளர். அவர் முன்னால் என் பத்தி... கத்தரித்து, லாமினேட் செய்து! இத்தனை வருஷ எழுத்து வாழ்க்கையில் என்னை லாமினேட் செய்த முதல் வாசகர் அவர்தான்.

தனேஷ் உட்காரவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஆள் ஓங்குதாங்காக இருப்பார். அன்று தோள் இரண்டும் இறங்கிக் கிடந்தன. பார்க்கவே எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

“தலைவரே, தப்பு என் மேலதான். தம்பியக் கேக்காம நானா எழுதிட்டேன்” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க எழுதினது பொய்யா மா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பொய் என்றால் நான் எழுத்தாளர் இல்லை. உண்மை என்றால் தனேஷுக்கு ரதம் இல்லை.

“பொய்னு இல்ல அங்கிள்... எனக்கு அப்படிக் கேட்டுச்சு.”

தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தம்பி. இங்கிலீஷ் பாட்டப் பாத்துத்தான் அடிச்சியா?”

“சத்தியமா எனக்கு அந்தப் பாட்டே தெரியாது தலைவரே. செலாயாங்ல ஒரு குரூப் இருந்துச்சு, அவங்ககிட்ட கத்துக்கிட்டோம். ‘ஆத்தா அடி’ன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க எங்க கத்துக்கிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த மெட்டலெல்லாம் கேக்கறதே இல்ல. தலை வலிக்கும்.”

பன்னிரண்டு உறுமிக்கு நடுவில் நின்று அடிக்கிறவருக்கு மெட்டல் கேட்டால் தலைவலி! வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று காது சூடாகிவிட்டது. ரகசிய ரசிகர் என்று நான் எழுதிய ஆளே இவர் இல்லை. நானாகக் கட்டிய கதை அது. அந்தக் கதையால் ஒரு மனுஷன் கதவோரம் நிற்கிறார்.

“சரி. பாட்டப் போடுங்க மா” என்றார் தலைவர். “கேட்டுருவோம். வேற மாதிரி இருந்தா தம்பி அடிக்கட்டும். ஒரே மாதிரி இருந்தா... நான் ஒண்ணும் பண்ண முடியாது. போர்டுல உள்ளது எல்லாருக்கும்தான்.”

“போன் சத்தம் பத்தாது” என்று செயலாளர் சுறுசுறுப்பாக எழுந்து, என் போனை மண்டப ஸ்பீக்கரோடு இணைத்தார். என்ன ஒரு ஆர்வம்!

போனில் ஆல்பத்தைத் திறந்தேன். முதல் பாட்டு முதலில் இருந்தது. அதற்கு நாலு பாட்டு கீழே ஒரு மெல்லிய பாட்டு. தாலாட்டு மாதிரி கிட்டார், டிரம்ஸே கிடையாது. அதைப் போட்டால் போதும். ‘அட, வேற மாதிரி இருக்கே’ என்பார்கள். தனேஷ் அடிப்பார். நான் வீட்டுக்குப் போவேன். யாருக்கு என்ன நஷ்டம்? விரல் கீழே இறங்கியது... இறங்கியேவிட்டது.

தனேஷ் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை.

“அக்கா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அது இல்லன்னு உங்க மூஞ்சிலேயே தெரியுது. சரியானதயே போடுங்க. பொய்ய வெச்சிக்கிட்டு ரதத்துக்கு முன்னாடி நின்னா எனக்குக் கை வராது.”

இதற்கு மேல் என்ன இருக்கிறது? முதல் பாட்டைத் தட்டினேன்.

கனமாக மூன்று அடி. மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு நிறுத்தம். பிறகு அந்த உறுமல்... ஒருத்தர் முகத்தைப் பார்த்தாலும் போதும், வேறு சாட்சி வேண்டாம். அதே அடி! செயலாளர் ‘பார்த்தீர்களா’ என்று லாமினேட்டைத் தட்டினார். தலைவரின் ஆள்காட்டி விரல் மேசையில் மூன்று முறை தட்டி, நின்று, மறுபடி மூன்று முறை தட்டியது. அவரே அதைக் கவனித்துச் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தனேஷ்தான் பாவம், வாயைப் பிளந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்கிறார் அல்லவா? தான் மாட்டிக்கொண்டதே மறந்துபோய், “அக்கா... இது எங்க அடி!” என்று கத்திவிட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். தீர்ப்பு வரப்போகிறது. நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது சமையற்கட்டுக் கதவு படாரென்று திறந்தது.

அன்னதானத்தைக் கவனித்துக்கொள்கிற அஞ்சலை ஆன்டி. கையெல்லாம் மஞ்சள் தூள். முந்தானையை இடுப்பில் செருகியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“என்னாங்கய்யா, ரதம் கெளம்பிடுச்சா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதில்ல? சாம்பார் இன்னும் கொதிக்கவே இல்ல!”

ஸ்பீக்கர் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

“அஞ்சலைம்மா... ரதம் வெள்ளிக்கெழமைதானே” என்றார் தலைவர்.

“அது எனக்குத் தெரியாதா? அப்பறம் எதுக்கு ஆத்தா அடிய அடிக்கிறீங்க? கேட்ட உடனே எனக்குக் கை கால் ஓடல!”

“இது நம்ம தம்பிங்க அடிக்கல. வெள்ளக்காரன் பாட்டு. அமெரிக்கா.”

ஆன்டி காதைத் தீட்டிக் கேட்டார். அதற்குள் பாடகர் பாட ஆரம்பித்திருந்தார். மெட்டல் பாடகர் எப்படிப் பாடுவார் என்று உங்களுக்குத் தெரியும்.

“யாருய்யா இவரு, இந்தக் கத்து கத்துறாரு? சாமி வந்துருச்சா?”

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். அடுத்தது செயலாளர், லாமினேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆன்டி மட்டும் சிரிக்கவில்லை.

“அமெரிக்காவா இருந்தா என்னாவாம்? அவருக்கும் ஆத்தா இருக்கால்ல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டினார். “செயலாளர், எழுதிக்குங்க. இத்தன வருஷமா கோயில் சமையற்கட்டுல நிக்கிற அஞ்சலைம்மாவுக்கே இது ஆத்தா அடின்னு பட்டிருக்கு. அப்ப இது ஆத்தா அடிதான். அந்த வெள்ளக்காரன்தான் நம்மகிட்டேர்ந்து எடுத்திருக்கான்.”

நான் வாயைத் திறந்தேன். பின்னால் வீட்டுக்காரர் பலமாக இருமினார். மூடிக்கொண்டேன்.

“தனேஷ் அடிக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன் மா” என்று தலைவர் என் பக்கம் திரும்பினார். “உங்க பேப்பர்ல திருத்தம் போடணும். இந்த அடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு சரியா எழுதணும்.”

“சரியா எழுதறேன் அங்கிள்” என்றேன்.

தனேஷ் மண்டபத்துக்கு வெளியே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையாக யார் யாருக்கோ போன் போட்டார். “டேய், உறுமிய வெயில்ல காய வைங்கடா” என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பதினேழு வயதில் நான் டைரியில் எழுதியதும், அந்தக் கோயில் போர்டில் எழுதியிருப்பதும் ஒன்றுதானே? ‘கண்டதும் கலந்துவிடக் கூடாது.’ காவல்காரர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் வாசலில் நிற்கிறோம். நாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாட்டு சமையற்கட்டு வழியாக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

அந்த அடி எப்படி செலாயாங்குக்குப் போனது? எனக்கு பஸ் மினி மேல்தான் சந்தேகம். கதவைத் தட்டித் தாளம் போட்ட அந்தக் கண்டக்டர், வெள்ளிக்கிழமைகளில் உறுமி அடிக்கிறவராக இருந்தால்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த ஆல்பம் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் ஆத்தாவுக்கு மூன்று அடி அடித்து நிறுத்தியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை நானாகக் கதை கட்டி மாட்டிக்கொண்டது போதும், சாமி!

நேற்று முன்தினம் ரதம். நானும் போனேன். பழைய கறுப்பு மெட்டல் டி-ஷர்ட்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு கை மட்டும்தான் உள்ளே போனது. மஞ்சள் புடவையில் போனேன்.

தனேஷ் குழு ரதத்துக்கு முன்னால். தெருமுனை திரும்பியதும் அந்த அடி. கனமாக மூன்று. நிறுத்தம். உறுமல். இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் அலற ஆரம்பித்தன. அஞ்சலை ஆன்டி வேப்பிலையோடு ஆடினார். என்னைத் தாண்டிப் போகும்போது தனேஷ் குச்சியை உயர்த்தி ஒரு தடவை காட்டினார், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலை முன்னும் பின்னும் ஆடியது. மெட்டல் கச்சேரிகளில் அதற்கு ஒரு பெயர் உண்டு. நான் சொல்லவில்லை. சொன்னால் போர்டில் இன்னொரு வரி சேரும்.

இந்த முறை முழுசாக எழுதி முடித்ததும் முதலில் தனேஷுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். “தோள் எறங்கிக் கெடந்துச்சுன்னு போட்டிருக்கீங்களேக்கா” என்று கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு, “இருக்கட்டும்” என்றார்.

அடுத்தது தலைவர். “நான் தலையாட்டினத மட்டும் எடுத்துடுங்க மா.”

“ஆட்டினீங்கதானே அங்கிள்?”

“சரி, உள்ளத எழுதிட்டீங்க. அந்தத் திருத்தத்த இன்னொரு தடவ படிங்க, கேப்போம்.”

படித்தேன். கடைசியில், “அதுவும் சரிதான். போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்:

திருத்தம் — கிள்ளான் அம்மன் கோயிலில் அடிக்கப்படும் அந்த அடி, ஓர் அமெரிக்க ஆல்பத்திலிருந்து வந்தது என்று இரண்டு வாரம் முன்பு இங்கே எழுதியிருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் தெரியும்.